எண்ணிக்கையில் வராத நட்சத்திரம்

பௌபஜாரில் நான் குடியிருந்த கட்டடத்துக்கு நாற்பத்தாறு படிகள். இருபத்திரண்டாம் படியில் என் வீடு. நாற்பத்தாறில், தனியாக வாழ்ந்த ஒரு யூத மூதாட்டியின் வீடு. தொண்ணூறுகளின் நடுவில் கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். டிராம் மணியை எண்ணினேன். எதிர் வீட்டு ஜன்னல் கம்பிகளை எண்ணினேன். மனைவி போன பிறகு வீட்டில் மிஞ்சிய கரண்டிகளை எண்ணினேன்.

ஒரு நாள் அந்த மூதாட்டி என்னைப் படியில் நிறுத்தினார். அவர் பேசியது இந்தி. நினைவில் ஏனோ தமிழாகவே கேட்கிறது.

"படியை எண்ணிட்டே ஏறி இறங்கறீங்களே பாபு. வியாழக்கிழமை மேல வாங்க. எண்ணறதுக்கு உருளைக்கிழங்கு தரேன்."

யூதர்களுடைய ஓய்வு நாள் வெள்ளி மாலையே தொடங்கிவிடும். அதற்குள் எந்த ஏழை வீட்டு அடுப்பும் காலியாக இருக்கக் கூடாது என்பது வழக்கம். அவர்களுடைய மக்கள் பெரும்பாலும் கப்பலேறிப் போய்விட்டார்கள், வழக்கம் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஜெபக்கூடத்து வாசலில் ரிக்‌ஷா இழுப்பவர்களும் பாத்திரம் தேய்ப்பவர்களும் நிற்பார்கள். வாரா வாரம் அதே முகங்கள். அரிசி, பருப்பு, ஆறு உருளைக்கிழங்கு என்று ஐம்பத்து நான்கு பொட்டலங்கள் கட்டுவோம். யார் பணத்தில் என்று எனக்குத் தெரியாது.

"கொடுக்கறவருக்கும் வாங்கறவருக்கும் முகம் தெரியக் கூடாது. அதுதான் உசத்தி" என்பார்.

முதல் வெள்ளியன்று ஒன்று, இரண்டு என்று வரிசையை நோக்கி விரல் நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார்.

"மனுஷங்களை எண்ணாதீங்க! கண் பட்டுடும்."

"அப்ப ஜெபத்துக்கு வேணுங்கற பத்துப் பேர் வந்தாச்சான்னு எப்படித் தெரியும்?"

"பத்து வார்த்தையில ஒரு வசனம் இருக்கு. தலைக்கு ஒரு வார்த்தை. உங்க பாஷையில அப்படி ஒண்ணும் இல்லையா?"

என்னிடம் நட்சத்திரங்கள் இருந்தன. குளிர்காலப் பனியில் தெரு பாதி கரைந்திருக்கும். ஆற்றுப் பக்கமிருந்து கப்பலின் ஊதல் வரும். அசுவினி, பரணி, கார்த்திகை என்று மனசுக்குள் சொல்வேன். முக்காடிட்ட கிழவி ரோகிணியாகப் பனியிலிருந்து வெளியே வருவாள், பொட்டலத்தை அணைத்துக்கொண்டு மீண்டும் பனிக்குள் போவாள். வழுக்கைத்தலை ரிக்‌ஷாக்காரர் மகம். வானமே கை நீட்டி வாங்கிப் போவது போலிருக்கும்.

இருபத்தேழு நட்சத்திரம், இரண்டு சுற்று. கடைசி ஆள் ரேவதியாக இருக்க வேண்டும். உத்திரட்டாதியோடு வரிசை முடிந்தது. பொட்டலங்களும் தீர்ந்திருந்தன. ஓர் ஆள் குறைவு. மூன்று வாரம் அப்படியே. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெபக்கூடத்துச் சாவி வைத்திருந்த கிழட்டு வாசல் காவலாளி, தர்வான்மேல்தான் சந்தேகம். அவர் காதில் விழும்படியே அம்மையாரிடம் சொன்னேன்.

"வாரா வாரம் ஒரு பொட்டலம் காணாம போகுது. யாரோ எடுக்கறாங்க."

அம்மையார் காலிச் சாக்குகளை மடிக்கத் தொடங்கினார். "இனிமே போகாது" என்றார்.

அடுத்த வெள்ளி ஒரு பொட்டலம் மிஞ்சியது. தெருவில் போன ஒருத்தியைக் கூப்பிட்டுக் கொடுத்தார். ரேவதி வந்துவிட்டாள். கணக்கு நேராயிற்று.

அம்மையார் போன பின் தர்வான் கதவைப் பூட்டினார். "சந்தோஷமா பாபு? நான்தான் எடுத்தேன். நாற்பத்தாறு படி ஏறி மேம்சாப் வாசல்ல வச்சுட்டு, கதவைத் தட்டாம இறங்கிடுவேன். அவங்க கேட்டதில்ல, நான் சொன்னதில்ல. இன்னிக்குத்தான் வாயைத் திறந்து, வேண்டாம்னாங்க. உங்க கணக்கு சரி. அவங்க அடுப்புதான் எரியாது."

இஸ்திரி போட்ட கவுன், காதில் முத்து. அம்மையாரும் இல்லாதவர் என்று எனக்கு எப்படித் தோன்றும்? வாங்கிச் சாப்பிடுகிறவரும் தன் பங்குக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அவர் தன் வியாழக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த வியாழன் கயிறு வெட்டிக்கொண்டே அவரிடம் சொன்னேன்.

"என் கணக்குல பிசகு. உத்திராடத்துக்கும் திருவோணத்துக்கும் நடுவுல அபிஜித்னு ஒரு நட்சத்திரம் இருக்கு. விட்டுட்டேன்."

"துறைமுகத்துல கப்பலையும் இப்படித்தான் விட்டீங்களா?"

"எல்லாரும் விடறதுதான். வானத்துல இருக்கு, எண்ணிக்கையில சேர்க்க மாட்டாங்க."

"அதுக்கும் பொட்டலம் உண்டோ?"

"அந்த ஒண்ணு முதல்லேருந்தே அதுக்குத்தான். எனக்குத்தான் தெரியல."

கீழே ஒரு டிராம் போய் மறைந்தது. அம்மையார் நான் கட்டிய பொட்டலம் ஒன்றைக் கையிலெடுத்தார்.

"உங்க முடிச்சு ரொம்ப இறுக்கம் பாபு. வாங்கறவங்க அவிழ்க்கறதுக்குக் கத்தி தேடணும்."

மறுநாள் உத்திராடம் வாங்கிப் போனதும், அபிஜித்தின் முறைக்கு, நான் ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றேன். அன்றிலிருந்து, ஒரு பொட்டலத்துக்கு மட்டும் இழுத்தால் அவிழும் சுருக்குப் போட்டேன். தர்வான் கேட்காமலே அதை எடுத்துக்கொள்வார்.