பிரியாத வெங்காயம்

எண்பதுகளின் தொடக்கத்தில், போடியில் எங்கள் கல்லூரியில் தாவரவியல் செய்முறைத் தேர்வுக்கு வெங்காயத்தை அவரவரே வளர்த்துக் கொண்டுபோக வேண்டும். ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அதன் வாயில் வெங்காயத்தை உட்காரவைத்தால் நாலு நாளில் வேர் இறங்கும். வேர் நுனியில் சாயமேற்றி நசுக்கினால் மைக்ராஸ்கோப்பில் செல் பிரிவது தெரியும். ஜோடி ஜோடியாக நிற்கும் குரோமோசோம்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போவதைக் காட்டிவிட்டால் முழு மதிப்பெண்.

எனக்கு அந்த மதிப்பெண் உயிர். முதல் வகுப்பு வந்தால் மதுரையில் எம்.எஸ்சி., வராவிட்டால் பக்கத்து ஊரான தேவாரத்து மாப்பிள்ளையோடு கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. போடியைத் தாண்டி நான் எங்கேயும் போகக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த வாரம் அண்ணன் குரங்கணி மலைச் சரிவிலிருந்து கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள் கிழங்கு, கொண்டுவந்து, நடுவதற்காகத் துண்டுபோட்டு வாளியில் ஊறவைத்திருந்தான். அது விஷம், அந்தத் தண்ணீரைத் தொடாதே என்று அம்மா பத்துத் தடவை சொல்லியிருப்பாள். சொன்னால் கேட்கிற பிறவியா நான்? கிணற்றில் இறைக்கச் சோம்பல். வெங்காயம் என்ன சாகவா போகிறது என்று தினமும் அந்த வாளியிலிருந்தே பாட்டிலை நிரப்பினேன். வேர்களும் நுனி பருத்துக் குண்டு குண்டாக வந்தன. அந்தப் பெருமையில் தோழிகளின் ஒல்லி வேர்களை வாய் ஓயாமல் கேலி செய்தேன்.

தேர்வன்று மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். குரோமோசோம்கள் குட்டையாகத் தடித்து, செல்லுக்குச் செல் அப்படியே நிற்கின்றன. ஒரு ஜோடிகூடப் பிரியவில்லை. ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன், எங்கும் அதேதான். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் குனிந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒண்ணும் பிரியலையே?" என்றார்.

அழுகையை முந்திக்கொண்டு என்மேல் எனக்கே கோபம் வந்தது. என் சோம்பேறித்தனத்தை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். செல் பிரிவதைத் தடுக்கும் என்று பாடத்தில் படித்த கோல்ச்சிசின் என்ற விஷம் அந்தக் கிழங்கிலும் உண்டு என்பது வாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது. ஜோடிகளை இழுக்கும் இழைகள் ஒரு புரதத்தால் ஆனவை. இந்த விஷம் அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டால் இழை உருவாகாது, இழுக்க ஆளில்லாமல் எல்லாம் நின்றுவிடும் என்றேன். அவர் மறுபடி குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மற்ற மாணவிகளையும் கூப்பிட்டு என் ஸ்லைடைப் பார்க்கச் சொன்னார்.

ஜோடியைச் சேர்த்துக் கட்ட ஒரு புரத வளையம், அதை வெட்ட இன்னொரு புரதம், எல்லா ஜோடியையும் இழை பிடிக்கும்வரை அந்த வெட்டுக்காரரை மடக்கிவைக்க மூன்றாவது ஒன்று என்பதெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

முதல் வகுப்பு வந்தது. மதுரைக்குப் பஸ் ஏறிய அன்று, ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்திருந்த அம்மாவைச் சிரிக்கவைக்க இந்தக் கதையை முதன்முறையாகச் சொன்னேன். தொடாதே என்றதைத் தொட்டதற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அந்தத் தண்ணி ஊத்துனா பிரியாதா?"

"பிரியாதும்மா."

கண்டக்டர் விசிலடித்தார். அம்மா கையை விடவில்லை.

"அப்பவே சொல்லிருக்கலாம்ல ஆத்தா. நான் இன்னும் ரெண்டு சொம்பு ஊத்தியிருப்பேன்."