ஆறு கோவாவும் என் தலையும்

எட்டு ஊரில் வேலை பார்த்து, எட்டிலிருந்தும் கிளம்பியவன் நான். போன வருடம் அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் அக்கா குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பையோடு வந்தபோது மச்சான் ஒரே நிபந்தனை வைத்தார். லயத்துக்குப் பின்னால் கோவா, அதாவது முட்டைக்கோஸ், போட்ட பாத்தியைக் காட்டுப்பன்றி மூன்று தடவை உழுதுவிட்டது. இந்தத் தடவை கோவா வீட்டுக்கு வந்தால் நான் இருக்கலாம். பன்றிக்குப் போனால் நானும் போகலாம்.

தகரம் தட்டினேன். பழைய சேலைகளை வேலியாகக் கட்டினேன். பன்றி சேலையை மிதித்துக்கொண்டு வந்தது. வெலிமடையில் கிழங்குத் தோட்டத்தில் நின்றபோது பார்த்தது ஞாபகம் வந்தது: பாத்தியைச் சுற்றி மனித முடியைப் போட்டால், அந்த வாடைக்குப் பன்றி கிட்ட வராது. டவுன் சலூன்காரர், அள்ளிக் கொட்டும் வேலை மிச்சம் என்று சந்தோஷமாக ஒரு சாக்கு கொடுத்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் தும்மிக்கொண்டே வந்தார்.

நான்கு நாள் பன்றி வரவில்லை. ஐந்தாம் நாள் காற்றில் ஒரு கற்றை பறந்து பக்கத்து வீட்டுக் காம்பரா வாசலில் விழுந்தது. அங்கிருந்த அம்மா அன்றைக்குக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. ஊர் சுற்றிய ஆள், ஒரு சாக்கு முடி. செய்வினைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? நான் சொன்ன விளக்கம் எடுபடவில்லை.

"பன்னிக்குன்னா கம்பிய கட்டுவாங்க. முடிய எதுக்குங்க கொண்டாறாங்க?" என்றார் அவர், என்னிடம் அல்ல, அக்காவிடம்.

செய்வினை எடுக்கக் கோயில் பூசாரி வந்தார். எலுமிச்சம்பழம் வெட்டினார். பிறகு என்னைத் தனியே அழைத்து, எத்தனை நாளாகப் பன்றி வரவில்லை என்று விசாரித்தார். சொன்னேன். ஓர் இழை விடாமல் பொறுக்கிச் சாக்கில் கட்டி, ஆற்றில் விடுவதாகத் தூக்கிப் போனார். மறுநாள் விடிவதற்குள் பன்றி வந்துவிட்டது. மிஞ்சியது ஆறு கோவா.

மச்சான் என் பையை வாசலில் வைத்தார். பஸ்ஸுக்கு இறங்கினேன். கோயிலுக்குக் கீழே பூசாரியின் கிழங்குப் பாத்தி. சுற்றிலும் நான் கொண்டுவந்த முடி. அதன் மேல் கொஞ்சம் திருநீறு. அவர் மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"பாதியாவது குடுங்க சாமி."

"அது இப்ப கோயில் சாமான் தம்பி," என்றார், நிமிராமலே.

டவுனில் இறங்கி நேரே சலூனுக்குப் போனேன். முந்தாநாள்தான் சேர்ந்த முடி எல்லாவற்றையும் கொளுத்தியிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து மொட்டை அடிக்கச் சொன்னேன். ஆறு கோவாவுக்கு என் தலை போதும் என்று கணக்கு.

சாயங்காலம் நான் திரும்பி வந்து பாத்தியைச் சுற்றிக் குனிந்து முடி தூவுவதைப் பக்கத்து அம்மா எட்டிப் பார்த்தார். தன் முடியை வைத்துத் தனக்கே யாரும் செய்வினை செய்ய மாட்டார்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். மச்சான் பாத்தியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இந்தப் பக்கம் பத்தலயே மச்சான்," என்றார்.

அக்காவின் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்துவிட்டு, கல்லில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார்.