உதைத்துப் பார்த்து வாங்கிய மோட்டார் சைக்கிள்

இன்றைக்கு டூட்டிங்கில், கடைக்குள் நின்ற மோட்டார் சைக்கிளை உதைத்து விழுத்திப்போட்டேன்.

என் மனுசன் கோலியர்ஸ் வுட் சந்தியில் மோட்டார் சைக்கிளோடு சரிந்து செத்து எட்டு மாதம். விசா கிடைத்த சந்தோசத்தில் அவருடைய தம்பி சிவா, பாட்டுக் கேட்கிற வோக்மனும் கழுத்துமாக வந்து, தானும் ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னான். மறித்தால் கேட்கிற ஆளில்லை. புது வண்டிச் சில்லுக்கு அடியில் வைக்க இரண்டு எலுமிச்சம்பழத்தோடு நானும் போனேன்.

அவன் பார்த்துவைத்தது இரண்டு. ஒன்று, பக்கத்தில் மூன்றாம் சில்லோடு பெட்டி பூட்டிய பெரியது. மற்றது மெல்லிய சிவப்பு.

“அண்ணி, பெரிசில ஸ்கொட்லாந்து வரைக்கும் போகலாம், வேலைக்கும் நல்லது. ஆனா சின்னன் சும்மா வளைஞ்சு வளைஞ்சு ஓடும். எதை எடுக்க?”

கேட்டபடியே சிவப்பில் ஏறி, இடது பக்கம் சரித்துக் காட்டினான். அவரும் அப்படித்தான் சரிப்பார்.

“இறங்கடா!” என்று கன்னத்தைப் பொத்தி அறைந்தேன். அவன் குதித்து இறங்க, வண்டியை உதைத்தேன். விழுந்து கண்ணாடி சிதறியது. ஆத்திரம் அடங்காமல் பெரியதையும் இரண்டு தரம் உதைத்தேன். அது அசையவில்லை. என் கால்தான் வீங்கியது.

“உங்களுக்கென்ன விசரே அண்ணி?”

“ஓம், விசர்தான். இதை எடு. இது விழாது.”

கன்னத்தைத் தடவிக்கொண்டு, உடைந்த கண்ணாடிக்கும் சேர்த்துக் காசு கட்டி அதையே எடுத்தான். சில்லுக்கு அடியில் பழம் நசிந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

உங்கள் வீட்டிலும் யாராவது வாங்கப்போனால் சொல்லுங்கோ. வீக்கம் வற்றியதும் வந்து உதைத்துப் பார்க்கிறேன்.