காலில் சேறு பூசும் பொன்னுத்தாய்

பொன்னுத்தாய் ஒரு பேய். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. அவளே இத்தனை வருஷமாகச் சுற்றி வளைத்துத்தான் காலம் தள்ளினாள். அந்தப் பாடு நமக்கும் எதற்கு?

கல்யாண வயதில் அறுவடைக்குப் போன இடத்தில் பாம்பு கடித்துச் செத்தாள். ஆசை தீராமல் போனவள் என்பதால் முறைப்படி பேயாகி, திருத்துறைப்பூண்டி சாலையோரப் புளியமரம் ஒன்றில் குடியேறினாள். யாருக்கும் பெரிய தொந்தரவு கொடுத்ததில்லை. பிறகு சாலையை அகலப்படுத்த வந்தார்கள், மரத்தை வெட்டினார்கள். பட்டா வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. மரத்தில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவளுக்கு ஒரு குழி நிலம் கிடையாது, செத்த பிறகும் கிடையாது. வேறு வழியில்லாமல் இறங்கி வந்து மனுஷர்களோடு மனுஷியாக நடவு வேலைக்குப் போனாள்.

பார்க்க மனுஷிதான். பசிக்கும், வியர்க்கும், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். கால் மட்டும் தரையில் பாவாது. ஒரு விரற்கடை மேலே நிற்கும். இப்படிப்பட்டவர்களுக்குத் தஞ்சாவூர்ச் சீமையைப் போல வசதியான இடம் உலகத்தில் இல்லை. நாள் முழுக்கச் சேற்றுத் தண்ணீரில் நிற்பவளின் பாதம் எங்கே இருக்கிறது என்று யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? ஒரே ஒரு சிக்கல் இருந்தது. சேறு தானாக அவள் காலில் ஒட்டாது. அதனால் வேலை முடிந்து மற்ற பெண்கள் வாய்க்காலில் காலைக் கழுவும்போது, இவள் திரும்பி நின்று ஒரு கை சேற்றை அள்ளிக் கணுக்கால் வரை பூசிக்கொள்வாள். பிறகு அவர்களோடு சேர்ந்து கழுவுவாள். கட்டாந்தரைக்கு வார் வைத்த செருப்பு, வீட்டுக்குள் தரையில் புரளும் சேலை. ஆதார் அட்டை எடுப்பதில்கூடச் சிரமம் வரவில்லை. அரசாங்கம் கைரேகையும் கருவிழியும்தான் கேட்டது, காலைக் கேட்கவில்லை.

அவள் ஒருத்தி மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கும் அல்லா பிச்சை ஒரு ஜின். போனைத் திறக்காமலே சரி செய்துவிடுவார், ஆனால் ஊர் நம்ப வேண்டுமே என்று திருகாணிகளைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் கண்ணுசாமி ஒரு பூதம். ஒரு லாரிச் சுமையை ஒரே கையில் ஏற்றக்கூடியவன், மூட்டைக்கு மூட்டை முனகுவான். முனகித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அவளைக் கட்டிக்கொண்ட வைரக்கண்ணு டிராக்டர் ஓட்டுகிறவன், அசல் மனுஷன். கல்யாணமான அன்றே பொன்னுத்தாய் அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவன் கொஞ்சம் யோசித்தான்.

"கோவம் வந்தா என்ன பண்ணுவ?"

"பேசாம இருப்பேங்க."

"அப்புறம் என்ன? எங்க அண்ணி மனுஷிதான். ஒரு நாளு அவங்ககூட இருந்து பாரு, தெரியும்" என்றான்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு மகள் பிறந்தாள், தமிழ்நிலா. குழந்தை எழுந்து நின்ற அன்று பொன்னுத்தாய் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தாள். பாதம் இரண்டும் அழுந்தப் பதிந்திருந்தன. அன்றைக்கு அவள் அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள்.

அந்தத் தமிழ்நிலா படித்து, தஞ்சாவூரில் ஒரு தனியார் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட வேலை பார்த்த அறிவுச்செல்வனைப் பிடித்துப்போனது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், ஆற்றுப் பாசனத்தில் நிலம் உள்ள குடும்பம். வைரக்கண்ணுவும் அவர்கள் ஆள்தான் என்று தெரிந்ததும் பையனின் அம்மா ஈஸ்வரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நிலம் இல்லாவிட்டால் என்ன, பெண் சம்பாதிக்கிறாள் என்று சொல்லிப் பெண் பார்க்க வந்தார்கள். காலை எப்படி மறைப்பது என்ற ஒரே கவலையில் பொன்னுத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. தன் காலால் மகளின் வாழ்க்கை கெட்டுவிடக் கூடாது என்று வேண்டாத தெய்வமில்லை. பேய் வேண்டினால் தெய்வம் கேட்குமா என்ற சந்தேகம் வேறு.

வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார்கள். சேலை புரள நின்ற பொன்னுத்தாயை யாரும் சந்தேகப்படவில்லை. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். பிறகு ஈஸ்வரி, "எங்க வீட்டுல ஒரு வழக்கம் இருக்குங்க. சம்பந்தம் பேச வந்தது நடவு காலமா இருந்தா, பொண்ணோட அம்மாவும் பையனோட அம்மாவும் வயல்ல இறங்கி ஆளுக்கு ஒரு முடி நாத்து சேர்ந்து நடணும். அப்புறந்தான் பூ வைப்போம்" என்றாள்.

பொன்னுத்தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. உலகத்தில் அவள் பயப்படாத இடம் ஒன்று உண்டென்றால் அது வயல்தான். வீட்டுக்குப் பின்னால் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இருவரும் சேலையை மடித்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். பொன்னுத்தாயின் கைவேகத்தைப் பார்த்து ஈஸ்வரி அசந்துபோனாள். பேச்சும் சிரிப்புமாக நட்டு முடித்தார்கள். நல்ல மனுஷி, என் மகளைத் தாங்குவாள் என்று பொன்னுத்தாய்க்கு மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில்தான் கோட்டை விட்டாள். வரப்போரம் வந்ததும் கை தன் பாட்டுக்குச் சேற்றை அள்ளிக் காலில் பூசியது.

"ஏங்க, எல்லாரும் சேத்தக் கழுவுவாங்க. நீங்க என்ன பூசுறீங்க?" என்று ஈஸ்வரி கேட்டபடியே குனிந்து பார்த்தாள். பொன்னுத்தாய் ஏற்கெனவே வரப்பில் ஏறியிருந்தாள். பாதி பூசிய பாதம் இரண்டும் வரப்புக்கு மேலே, புல் நுனியைக்கூட மடக்காமல் நின்றன.

மறைக்க இனி ஒன்றுமில்லை. "நான் பேய்தாங்க. யாருக்கும் ஒரு கெடுதல் செஞ்சதில்ல. எம்பொண்ணுக்கு இது வரல, நல்லாப் பாத்துட்டேன். உங்க கால்ல விழுறேன், இத மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

ஈஸ்வரி அலறவில்லை. நெஞ்சில் கை வைத்து நீளமாக மூச்சு விட்டாள், அவ்வளவுதான்.

"அட, இதுக்கா இப்படி நடுங்குறீங்க? எங்க கொழுந்தனாரு குடிச்சிட்டு ஆடாத ஆட்டமா? நம்ம சாமிங்கள்ல பாதிப் பேரு செத்துப்போனவங்கதானே. வெளியில சொல்லிக்க வேண்டாம், நமக்குள்ள இருக்கட்டும்."

பொன்னுத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படியும் ஒரு சம்பந்தி கிடைப்பாளா? ஈஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க செத்தப்ப எந்தச் சுடுகாட்டுல வச்சாங்க?"

ஊரில் சுடுகாடு இரண்டு. யாருக்கு எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செத்ததோடு அந்தக் கணக்கெல்லாம் தீர்ந்தது என்றுதான் பொன்னுத்தாய் இத்தனை காலமும் நம்பியிருந்தாள். மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதுகூட இல்லை.

"வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்குதே, காலனிச் சுடுகாடு. அங்கதாங்க."

ஈஸ்வரி கையை விட்டாள். பேய் என்று தெரிந்தபோது நகராதவள், இப்போது இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"பேய்னா எப்படியாவது சமாளிச்சிடலாங்க" என்றாள். நிஜமாகவே வருத்தத்தோடுதான் சொன்னாள். "இத நான் எங்க ஆளுங்ககிட்ட எப்படிங்க சொல்லுவேன்?"

பேய்க்கு என்று ஒரு வழி உண்டு. பிடித்துக்கொள்வது. பொன்னுத்தாய் அதுவரை யாரையும் பிடித்ததில்லை. ஆனால் பெற்ற வயிறு சும்மா இருக்குமா? மூன்று முடிச்சு விழும்வரை ஈஸ்வரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், அவள் வாயாலேயே சம்மதம் சொல்லி, அவள் கையாலேயே பூ வைத்துவிடலாம். ஈஸ்வரியின் கண்களை உற்றுப் பார்த்தாள். மெல்ல உள்ளே நுழைந்தாள்.

அவள் மனசுக்குள்ளே ஒரு வீடு, சுத்தமாக இருந்தது. விளக்கு எரிந்தது. கோபம் இல்லை, வெறுப்புகூட இல்லை. கோபமாக இருந்தால் பேசித் தணிக்கலாம். யாரோ எப்போதோ சொல்லி வைத்த மாதிரி, பொன்னுத்தாயின் கால்கள் தாமாகவே முன்வாசலை விட்டுக் கொல்லைப்பக்கம் திரும்பின. அங்கே அவளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கிக் கூட்டிப் பெருக்கியிருந்தது. அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அங்கே இருந்தது. அதற்குப் பக்கத்தில், சின்னதாக, மகளுக்கென்று இன்னோர் இடம் புதிதாகத் தயாராகிக்கொண்டிருந்தது.

பொன்னுத்தாய் விழுந்தடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஈஸ்வரி தலை சுற்றுகிறது என்று நெற்றியைத் தேய்த்தபடி வீட்டுப் பக்கம் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பியது. அறிவுச்செல்வன் ஏறுமுன் தமிழ்நிலாவைப் பார்த்து, போனில் பேசுகிறேன் என்று சைகை காட்டினான். அம்மா கூப்பிட்டதும் ஏறிக்கொண்டான்.

தமிழ்நிலா வயலுக்கு ஓடி வந்தாள். "உன் காலப் பாத்துட்டாங்களாம்மா?"

"பாத்துட்டாங்க."

"அதான் பயந்துட்டுப் போறாங்களா?"

பொன்னுத்தாய் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இல்லடி. அவங்க பயப்படல. நான்தான் பயந்துட்டேன்."