மலை வண்டிக்கு மீட்டரில் பாதி

அந்த ஆளைத் திருடன் என்று நான் வாயால் சொல்லவில்லை. "இது இந்த வண்டியோட இன்ஜின்தானா?" என்றுதான் கேட்டேன். கடையில் நின்ற நாலு பேருக்கும் அது திருடன் என்றே கேட்டது. அப்படிக் கேட்கட்டும் என்றுதான் நானும் சொன்னேன்.

போடியில் பழைய பைக் வாங்கி விற்கிறவர்களில் என்னளவு வண்டி பார்த்தவன் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பஞ்சர் ஒட்டி ஆரம்பித்து, இன்று சொந்த இடத்தில் கடை வைத்திருக்கிறேன். படித்த பிள்ளைகள் செல்போனைக் காட்டி, "நெட்ல இவ்வளவு போட்டிருக்கு" என்பார்கள். "அப்ப நெட்டுக்கே வித்துருங்க தம்பி" என்று அனுப்பிவிடுவேன். சாயங்காலம் என்னிடமே வந்து நிற்பார்கள்.

பழைய வண்டிக்கு விலை போடும்போது மீட்டரை நம்பக்கூடாது, ஆர்சி புக்கை நம்பக்கூடாது, விற்க வந்தவனை அறவே நம்பக்கூடாது. சைலன்சருக்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்த கரி வந்தால் சரி. ஆயில் பிசுக்கு வந்தால் இன்ஜின் வேலை வைக்கும். செயின் ஸ்பிராக்கெட்டின் பல் கூராகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வண்டி நிறைய இழுத்திருக்கிறது.

மலை வண்டிக்குத் தனிக் கணக்கு. போடிமெட்டிலிருந்து இறங்குகிறவர்கள் பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்ஜினை ஆஃப் செய்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவார்கள். சக்கரம் சுற்றுவதால் மீட்டர் ஓடும், இன்ஜின் ஓடாது. அதனால் மீட்டரில் பாதியைத்தான் இன்ஜின் ஓடிய தூரமாக எடுப்பேன். இந்தக் கணக்கு எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

செல்வராசு என்பவர் பதினைந்து வருடத்து நூறு சிசி வண்டியைக் கொண்டுவந்தார். மலையில் ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் வேலை. மீட்டரில் எண்பதாயிரம். பிரேக் ஷூ அதற்கேற்ப ஒன்றுமில்லாமல் தேய்ந்திருந்தது. என் கணக்குப்படி இன்ஜின் நாற்பதாயிரம் ஓடியிருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து காதை வைத்தேன். இருபதாயிரம் தாண்டாத இன்ஜின். ஸ்பிராக்கெட் பல்லும் அதையே சொன்னது. ஹேண்டில்பாரின் அடியில் கயிறு அறுத்த தடம் வேறு. வெளியூரிலிருந்து லாரியில் கட்டி வந்த வண்டியில்தான் அந்தத் தடத்தைப் பார்த்திருக்கிறேன். இன்ஜின் நம்பர் ஆர்சி புக்கோடு ஒத்துப்போனது. நம்பர் அடித்துத் தர ஆளா இல்லை?

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"வாங்குனப்ப இருந்த இன்ஜின்தாண்ணே. மலையில இருந்து தெனம் உருட்டிக்கிட்டுத்தான் எறங்குவேன்."

"எறங்குற சரி. ஏறுறப்ப?"

"ஏறுறப்ப பிக்கப்புல ஏத்திக்கிட்டுப் போயிருவேன்."

"பைக்கு வச்சிருக்கவன் எதுக்குய்யா பைக்க பிக்கப்புல ஏத்துறான்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

நாலு பேரும் சிரித்தார்கள். எதிர்க்கடை அந்தோணி சத்தமாகவே சிரித்தான். அவனும் பழைய வண்டி யாவாரிதான். சிரிப்பு அடங்கியதும் செல்வராசு சொன்னார்:

"அண்ணே, நான் ஸ்டோர் சாவி வச்சிருக்கவன். இந்தப் பேச்சு மொதலாளி காதுக்குப் போனா சாவிய வாங்கிருவாரு. வண்டியும் புக்கும் இங்கனயே இருக்கட்டும். நல்லா விசாரிச்சுக்கங்க."

மறுநாள் காலை, யாரிடமும் சொல்லாமல் முந்தலுக்குப் போனேன். மலை ரோடு ஏறத் தொடங்குகிற இடம் அது. சொல்லிவிட்டுப் போனால் ஆளைச் செட் பண்ணி வைத்துவிடுவார்கள். டீக்கடையின் உள்பக்கம் உட்கார்ந்துகொண்டேன். செல்வராசு கையை வீசிக்கொண்டு வந்து ரோட்டோரம் நின்றார். உர மூட்டையும் காலிச் சாக்குமாக ஒரு பிக்கப் வந்தது. டிரைவர் மலையாளத்துப் பையன்.

"எந்தா செல்வராசண்ணே, வண்டி எவிட? கயறெல்லாம் எடுத்து வச்சிருக்கு."

"வண்டி போடில நிக்கிது பிஜு. நீ வெரசா எடு."

எழுந்து போய்ப் பிக்கப்பின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். கேபினை ஒட்டி ஒரு பழைய டயர் கிடந்தது. பைக்கின் முன்சக்கரம் பதிந்து பதிந்து அதில் பள்ளமே விழுந்திருந்தது. எத்தனை நாளாக ஏற்றுகிறாய் என்று டிரைவரைக் கேட்டேன்.

"எட்டு வருசமாச்சு சேட்டா. மேல போகும்போ எடம் உண்டு. கீழ வரும்போ ஃபுல் லோடு. அண்ணன் உருட்டிக்கிட்டு வந்துரும்."

ஆக, எட்டு வருடம் அந்த மீட்டரில் ஏறியது முழுக்க இறக்கம்தான். என் பாதிக் கணக்கு அந்த ஒரு வண்டிக்குப் பொருந்தவில்லை. செல்வராசு என்னைப் பார்த்துவிட்டு பிக்கப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"சாயங்காலம் கடைக்கு வாங்க" என்றேன். முந்தின நாள் அவரை நான் 'வாங்க' என்று சொல்லியிருக்கவில்லை.

சிரித்த நாலு பேருக்கும் சொல்லியனுப்பி, டீ வாங்கி வைத்து, அவர்கள் முன்னாலேயே சொன்னேன்: "இன்ஜின் இந்த வண்டியோடதுதான். நான் பாத்தது தப்பு." என் தொழிலில் இந்த வார்த்தையை நான் அதிகம் செலவழித்ததில்லை. பிறகு விலையைச் சொன்னேன். இன்ஜினை ஆஃப் செய்து உருட்டினால் கியர்பாக்ஸுக்கு ஆயில் சரியாகப் போகாது. அதனால் ஒரு முனகல் இருந்தது. முனகலை வாய்விட்டுச் சொல்லாமல், அதற்கும் கழித்து இருபத்தோராயிரம் என்றேன். போடியில் வேறு எவனும் அந்த முனகலைக் கண்டுபிடித்திருக்க மாட்டான்.

"வெல சரிதாண்ணே" என்று சொல்லி, செல்வராசு ஆர்சி புக்கை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "நான் வேற எடத்துல குடுத்துக்கிறேன்."

வண்டியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் அந்தோணி வந்தான். "பதினெட்டுக்கு முடிச்சேண்ணே. கியர்பாக்ஸு முனகுதுன்னு அந்தாளே சொல்லிட்டாரு. நான் கேக்கவேயில்ல. அதுக்காக நீங்க சொன்ன வெலையில மூவாயிரத்தக் கொறச்சுட்டேன்."

அந்தோணி சொல்கிற விலையை நான் நம்புகிறவன் இல்லை. விசாரித்தேன். பதினெட்டுதான்.

அந்த வண்டிக்குச் சரியான விலை இருபத்தோராயிரம் என்று இன்றைக்கும் சொல்வேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் மலை வண்டியில் கை வைப்பதற்கு முன்னால், "ஏறுறது எப்படி, எறங்குறது எப்படி?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். சொல்கிற பதிலை இன்னும் நம்புவதில்லை, போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். ஆனால் நாலு பேர் முன்னால் கேட்பதில்லை. உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, உட்காரவைத்துக் கேட்கிறேன்.