குழலின் அடியில் ஒரு கிரீடம்

பழைய துப்பாக்கியைப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறவர்கள் கூடவே ஒரு குடும்பக் கதையையும் கொண்டுவருவார்கள். பழுது பெரும்பாலும் கதையில்தான் இருக்கும். எண்பதுகளில் பூந்தமல்லியில் உரிமம் பெற்ற கடை வைத்திருந்தேன். இங்கிலாந்தில் துப்பாக்கிக் குழலை விற்கும் முன் அளவுக்கு மீறி வெடிமருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் அடிப்பக்கத்தில் கிரீடமும் எழுத்துகளும் குத்துவார்கள். அந்த முத்திரையைப் படித்துச் சொல்வதும் என் வேலை. வந்தவர் விரும்பாததைச் சொல்லிப் பிழைக்கும் டாக்டர், வக்கீல் எல்லாருக்கும் என் பாடு புரியும்.

ராணி கொடுத்தது

திருமுல்லைவாயிலிலிருந்து ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் மனைவியோடு வந்தார். குழலில் கிரீடம் இருப்பதால், தன் தாத்தாவுக்கு இங்கிலாந்து ராணி கொடுத்த பரிசு அந்தத் துப்பாக்கி என்றார். சோதனையில் தேறிய எல்லாக் குழலிலும் அந்தக் கிரீடம் உண்டு என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டே மனைவி சொன்னார்: “ராணி குடுக்கலைன்னா போவுது. தாத்தா கையில வெடிக்காம இருந்துச்சே, அது பத்தாதா?”

புளியமரம்

வெள்ளானூர் ஏழுமலைக்கு வேர்க்கடலைக் கொல்லையில் நரித் தொல்லை. அப்பாவின் துப்பாக்கியைத் துடைத்துத் தரச் சொன்னார். புதுத் தோட்டாவும் வாங்கி வைத்திருந்தார். வேகம் கூடிய புதுத் தோட்டாவுக்குச் சோதித்த குழலில் கிரீடத்தின் கீழ் ‘என்.பி.’ என்றிருக்கும். இதில் இல்லை, பழைய கருமருந்துக்கு மட்டுமே சோதித்தது. புதுத் தோட்டா போட வேண்டாம் என்றேன். அப்பா சுட்ட துப்பாக்கிக்கே குறை சொல்கிறாயா என்று கோபித்துக்கொண்டு எடுத்துப் போய்விட்டார்.

மறு வாரம் வந்தார். குழல் வாழைப்பூ மாதிரி விரிந்திருந்தது. நான் முதலில் அவர் விரல்களைத்தான் பார்த்தேன். எல்லாம் இருந்தன. துப்பாக்கியைப் புளியமரத்தில் கட்டிவிட்டு, தூரத்திலிருந்து கயிற்றால் விசையை இழுத்தாராம். “நீ சொன்னத நான் நம்பல நைனா. நம்பாம இருக்கவும் முடில. அதான் மரத்துல கட்டினேன்.”

லண்டன் சரக்கு

அம்பத்தூர் ஸ்டெல்லா டீச்சர், கணவர் இறந்தபின் அவருடைய துப்பாக்கியைக் கொண்டுவந்தார். லண்டனில் வாங்கியது என்று கணவர் ஊரெல்லாம் சொல்லி வந்தாராம். உண்மையா என்று பார்க்கச் சொன்னார். கிரீடம் நேராக இருந்தது, அதன் கீழே ‘வி’ தலைகீழாக. ஆங்கில எழுத்துத் தெரியாத யாரோ அசலைப் பார்த்து இங்கேயே குத்திய போலி. சொல்லலாமா வேண்டாமா என்று வெறுமனே குழலையே துடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சொன்னேன். டீச்சர் அதிரவில்லை. “எனக்கு அப்பவே தெரியும் தம்பி. அவரு இருக்கறப்ப யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான் ஜெபம் பண்ணிட்டிருந்தேன்.”

இரும்பில் குத்தியதைப் படிக்க ஓரளவு கற்றுக்கொண்டேன். படித்ததை யாரிடம் எப்படிச் சொல்வது என்கிற சோதனையில் மட்டும் எனக்கு இன்னும் யாரும் முத்திரை குத்தவில்லை.