கீழ்வீட்டு அன்ரிக்குப் போர்த்திய பொன்னாடை

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடிக்கு நாங்கள் குடிவந்த மறுநாள் காலை, கீழ்வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று அம்மா முடிவு செய்தார். ஒரு பெண் குரல் நீட்டி நீட்டி அழுதுகொண்டிருந்தது. கூடவே பியானோவும் கேட்டது. அழுகைக்கு எதற்குப் பியானோ என்று அப்பா கேட்டதை அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“செத்தவீட்டிலை அடுப்பு மூட்டமாட்டினம். அயலுக்கு இருக்கிற நாங்கள்தானே சாப்பாடு குடுக்கோணும்” என்றார்.

இடியப்பத்தையும் சொதியையும் தூக்கிக்கொண்டு, மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா இறங்கினார். எனக்கு ஒன்பது வயது. இலங்கையிலிருந்து வந்த சில மாதங்களில் ஆங்கிலம் பிடித்துவிட்ட குற்றத்துக்காக, கவுன்சில், டொக்டர் என்று எங்கே போனாலும் வீட்டின் வாய் நான்தான். கதவைத் திறந்தவர் வீட்டுச் சொந்தக்காரி. அறுபது வயது மதிக்கத்தக்க உயரமான கறுப்பினப் பெண். அவரை அப்பா மட்டும் முன்பு பார்த்துப் பேசியிருந்தார். யார் செத்தது என்று நான் கேட்டேன். அவர் என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கணவர் இறந்து சில வருடங்களாகின்றன, சாப்பாடுதான் கொஞ்சம் பிந்திவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பிந்தினாலும் பரவாயில்லை, சாப்பிடச் சொல்லு என்றார்.

அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அன்ரி. கரீபியன் தீவொன்றிலிருந்து இளம் வயதில் லண்டனுக்கு வந்து, பகலில் பஸ்ஸில் கண்டக்டராகவும் இரவில் கிளப்புகளில் ப்ளூஸ், ஜாஸ் பாடகியாகவும் இருந்தவர். பியானோ வாசித்தவர் கணவர். இருவருமாகச் சேர்ந்து இசைத்தட்டும் போட்டிருந்தார்கள். கணவர் போனதோடு பியானோவை மூடிவிட்டவர், அந்த வருடம்தான் திரும்பவும் திறந்திருந்தார். குழந்தையோடு வருகிறவர்களுக்கு அறை இல்லை என்று எத்தனையோ கதவுகள் சாத்தப்பட்ட பிறகு எங்களுக்குத் திறந்த கதவும் அவருடையதுதான். பள்ளிக்கூடம் விட்டால், அம்மா வேலையால் வரும்வரை அவருடைய குசினியில் பாணும் ஜாமும் தின்றுகொண்டு இருப்பேன். அந்த நன்றி இன்னும் என்னிடம் அப்படியே இருக்கிறது.

அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் கட்டிலுக்கு நேர் கீழே அன்ரி பாட்டைத் தொடங்குவார். நித்திரை கொள்ள ஏலுமோ என்று அம்மா கேட்கும்போதெல்லாம், அடிச்சுப் போட்ட மாதிரி நித்திரை என்பார் அப்பா. நாங்களும் நம்பினோம்.

ஒரு நாள் அன்ரி குசினி மேசையிலிருந்து அம்மாவிடம் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். பக்கத்துத் தெருப் பப்பின் பின்மண்டபத்தில் ஞாயிறு மத்தியானம் பாட ஒரு தடவை இடம் கொடுத்திருக்கிறார்கள். சரிவந்தால் ஒவ்வொரு ஞாயிறும் பாடலாம். சரிவராவிட்டால் பியானோவை விற்றுவிட்டு, பாட்டு என்ற பேச்சையே விட்டுவிடுவார்.

“அப்ப நாங்கள் எல்லாரும் போகோணும்” என்றார் அம்மா.

போனோம். பப்புக்குக் காஞ்சிபுரம் சேலை உடுத்துப் போன முதல் ஆள் அம்மாவாகத்தான் இருப்பார். அப்பாவின் கையில் ஒரு பொன்னாடை. எங்கள் சனம் மேடையில் யாரைக் கண்டாலும் பொன்னாடை போர்த்தாமல் விடாது. லண்டனில் அது ஒரே தோளில் அதிக நாள் தங்குவதும் இல்லை. தமிழ்ப் பள்ளி விழாவில் பெரியப்பாவுக்குப் போர்த்தியதை அப்பா இரவல் வாங்கி வந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்த பிறகு போர்த்துவது என்பது ஏற்பாடு.

பப்பின் பியானோக்காரர் வாசிக்க, அன்ரி இரண்டு பாட்டுகள் நன்றாகத்தான் பாடினார். மூன்றாவது, அவருடைய கணவர் எழுதிய பாட்டு. பாதியில், அப்பா திடீரென எழுந்து பொன்னாடையை விரித்தபடி மேடைக்கு நடந்தார். அம்மா அவருடைய கோட்டைப் பிடிக்கப் பார்த்துப் பிடி தவறினார். அப்பா அன்ரியின் தோளில் பொன்னாடையைப் போர்த்தி, கைகூப்பி, அதோடு நின்றாரா? மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பெண்மணி எங்களுக்கு வீடு தந்தவர், எங்கள் மகளைப் பார்த்துக்கொள்கிறவர், நன்றி, மிக்க நன்றி என்று பெற்றோல் ஸ்டேஷன் ஆங்கிலத்தில் உரையாற்றினார். சனம் சிரித்தது, பிறகு கைதட்டியது. நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன். அன்ரி தண்ணீர் குடித்தார். கண்ணைத் துடைத்தார். பியானோக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு, பொன்னாடையோடே பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தார். அதன் பிறகு மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. முடிந்ததும் பப் முதலாளியே வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

“விசரே உங்களுக்கு? பாட்டு நடுவிலை ஆரும் எழும்பிப் போவினமே?” என்று அம்மா அப்பாவைப் பிடித்தார்.

“ஷிப்டுக்கு நேரமாகுதெல்லோ” என்றார் அப்பா.

அன்ரி பல வருடங்கள் அங்கே ஞாயிறுகளில் பாடினார். ஒரு கசெட்டும் வெளியிட்டார். அட்டைப்படத்தில் அந்தப் பொன்னாடை இருக்கிறது. பெரியப்பாவுக்கு அது திரும்பிப் போகவே இல்லை.

நான் கார் ஓட்டப் பழகிய புதிதில், அப்பாவை இல்ஃபோர்டுக்குக் கூட்டிப் போகும்போது அந்தக் கசெட்டைப் போட்டேன். கணவர் எழுதிய பாட்டு வந்தது. அப்பா கண்ணை மூடியபடி இருந்தார். பாதியில் விரலை உயர்த்தினார்.

“இந்த இடத்திலைதான் அண்டைக்குப் பப்பிலை மனுசி நிண்டது. அடுத்த வரி வரேல்லை. பியானோக்காரன் திரும்பத் திரும்ப அதையே வாசிச்சுப் பாத்தவன், பாவம்.”

“உங்களுக்கு எப்படி அப்பா தெரியும்? காலமையிலை நீங்கள் நித்திரையெல்லோ?”

“அந்தச் சத்தத்துக்கை ஆர் பிள்ளை நித்திரை கொள்ளுறது?” என்றார். “ஒவ்வொரு நாளும் கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாப் போச்சு.”

ஷிப்டுக்கு நேரமாகிறது என்று சொன்ன மனிதர், அன்று கடைசிப் பாட்டும் முடிந்து பப்காரர்கள் கதிரைகளை அடுக்கும்வரை அந்த மண்டபத்தில்தான் இருந்தார். அதை நானும் பார்த்தேன். ஏன் என்று கேட்க அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.